‘வரும்’ என்று சொல்லும் கடைவீதி

நவம்பர் 17, திங்கள்

கடைசி அட்டைப்பெட்டியையும் இன்று பிரித்துவிட்டேன். உடுமலைப்பேட்டைக்குக் குடிவந்தாயிற்று என்று இனி தைரியமாகச் சொல்லலாம். மாடிப் போர்ஷன், காற்றோட்டமான வீடு. கீழே வீட்டுக்காரம்மா சாரதாமணி டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவராம். அவர் வாடகை பேசிய விதத்திலேயே அது தெரிந்துபோயிற்று.

நான் பிஸ்கட் கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருபது வருடம் போலக் குப்பை கொட்டியவள். விருதுநகர்க்காரி வேறு. கடைக்காரர்களிடம் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதை நம்பித்தான் இந்தச் சென்னைக் கம்பெனி என்னை வேலைக்கு எடுத்தது. அவர்கள் சரக்கு ‘சிட்டு’ என்கிற பேசும் பெட்டி. உள்ளங்கை அளவுதான் இருக்கும். வீட்டில் ஒரு மூலையில் வைத்துவிட்டு, “சிட்டு, அரைக் கிலோ துவரம்பருப்பு” என்றால் போதும். நம்மோடு சேர்ந்திருக்கிற கடையில் ஒரு சின்னத் திரையில் அது எழுத்தாக வந்து நிற்கும். கடைக்காரர் ‘சரி’ என்று அழுத்தினால் பருப்பு வீட்டுக்கு வரும். பால், தண்ணீர் கேன், எலெக்ட்ரீஷியன் எல்லாமே அப்படித்தான். வீடுகளைப் பிடிப்பது விளம்பரத்தின் வேலை. கடைகளைப் பிடிப்பது என் வேலை.

பிடித்துவிட்டேன். வெள்ளியங்கிரி மளிகையில் தொடங்கி, அதற்கு நேர் எதிரே இருக்கும் கமருதீனின் நூர் ஸ்டோர்ஸ் வரை கடைவீதியே என் பக்கம். ஒவ்வொரு கடையிலும் நின்று, “உங்களை நடுவுல விட்டுட்டுப் போக மாட்டேன்” என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சும்மா கொடுக்கவில்லை. சென்னையில் எங்கள் மேலாளர் அபிநந்தன் பொங்கல் வரைக்கும் தவணை வைத்திருக்கிறார். அதற்குள், சரக்கை நேரத்துக்குக் கொடுப்பதற்காகக் கம்பெனி கடைகளுக்குப் போடுகிற மார்க் தேறாவிட்டால் மொத்தக் கடைவீதியையும் கழற்றிவிட்டு, திருப்பூரில் இருக்கிற ஒரு பெரிய கிடங்கோடு ஒப்பந்தம் போட்டுவிடுவாராம். தேறும். நான் எதற்கு இருக்கிறேன்?

என் வீட்டிலும் ஒரு சிட்டு வைத்தாயிற்று. வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டது. இரண்டு என்றேன். என் கணவர் தர்மராஜ் ஓசூரில் கூட்டாளியோடு பட்டறை தொடங்கியிருக்கிறார், அது ஒரு நிலைக்கு வந்ததும் வந்துவிடுவார். அவருடைய செல்போனையும் இந்த வீட்டுக் கணக்கில் சேர்த்துவிட்டேன். தினமும் இரண்டு பாக்கெட் பால் சொல்லியிருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காபி கேட்கிற மனுஷன் அவர்.

நவம்பர் 19, புதன்

பால் மிஞ்சிவிட்டது. உறை ஊற்றினேன்.

நவம்பர் 24, திங்கள்

டீச்சர் படியேறி வந்து, “அம்மணி, உங்க சிட்டு பொய் சொல்லுதுங்க” என்றார். சனிக்கிழமை மதியம் கட்டிப் பெருங்காயம் சொன்னாராம். வெள்ளியங்கிரி கடையில் சரியென்று அழுத்திவிட்டார்கள். சிட்டு அரைமணிக்கு ஒருதரம் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று குஷியாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பெருங்காயம் ஞாயிறு காலையில்தான் வந்ததாம். ரசத்தைப் பெருங்காயமில்லாமல் வைத்தாராம். அதை அவர் சொன்ன தோரணையைப் பார்த்தால், இப்படி ஒரு ரசம் அவர் வீட்டில் இதுவரை கொதித்ததே இல்லை போலிருக்கிறது.

நேற்றுத் தோய்ந்த தயிரைக் கொடுத்து அனுப்பினேன். இந்த வீட்டில் தயிருக்கு மட்டும் பஞ்சமில்லை.

பிறகு கணினியில் எல்லாக் கடைகளையும் பார்த்தேன். அத்தனையிலும் இதே கதை. சரக்கு இல்லாவிட்டாலும் சரி என்று அழுத்துகிறார்கள். மார்க் சரசரவென்று இறங்கிக்கொண்டிருக்கிறது. அபிநந்தன் பார்ப்பதற்குள் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

நவம்பர் 26, புதன்

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு இன்று வெள்ளியங்கிரி கடையில் ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். திரையில் பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான் என்று இரண்டு இருக்கின்றன. சரக்கு இருந்தால் பச்சை. இல்லாவிட்டால் சிவப்பு, அதன் மேல் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. இதில் என்ன குழப்பம்?

குழப்பமெல்லாம் அவருக்கு இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கடையில நின்னுட்டு அந்த வார்த்தையைச் சொல்றதில்லீங்க அம்மணி. எங்கப்பாரு சொன்னதில்ல. நானும் சொன்னதில்ல. ‘வரும்’னுதானுங்க சொல்லுவோம்” என்றார். சொல்லத்தானே கூடாது, அழுத்தலாமே என்றேன். அதற்கு அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சிவப்புப் பொத்தான் இருக்கிற இடத்தில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்திருந்தார். தெரியாத்தனமாகக் கைபட்டுவிடக்கூடாதே என்று முன்னேற்பாடு.

எதிரே கமருதீன் கடைக்குப் போனேன். அவர் பொட்டு வைக்கவில்லை. ஒரு துண்டு பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்.

எங்கள் ஊரிலும் கடையில் ‘இல்லை’ என்று சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரியாததா? ஆனால் திரைக்கும் பொத்தானுக்கும்கூட அது பொருந்தும் என்று நான் நினைக்கவே இல்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

டிசம்பர் 3, புதன்

தீபம். மாடிப்படி முழுக்க விளக்கு வைத்தேன். டீச்சர் கீழே வைத்தார், நான் மேலே வைத்தேன். நடுப்படியில் காற்று வந்து மூன்று விளக்கை அணைத்தது. மறுபடி ஏற்றினோம்.

அவர் போன் செய்தார். ஓசூரில் குளிர் தாங்கவில்லையாம். ஸ்வெட்டரைக் கூரியரில் அனுப்பச் சொன்னார். அப்படியே அவருடைய படிப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட் எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பச் சொன்னார். பேங்க் லோனுக்கு வேண்டுமாக இருக்கும். இந்த ஊரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை, பாவம், வேலை நெருக்கடி. பொங்கலுக்கு வருவீர்களா என்றேன். பார்க்கலாம் என்றார். வருவார்.

டீச்சர் கேட்டதற்கும் அதையே சொன்னேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று ஒரு காரியம் செய்தேன். காலையில் கடை திறந்ததிலிருந்து வெள்ளியங்கிரி கடையில் ஒரு ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். என்னதான் செய்கிறார்கள் என்று பார்த்தே தீருவது.

முதலில் ஒரு விஷயம். வெள்ளியங்கிரியும் கமருதீனும் பேசிக்கொள்வதில்லை. என்றைக்கோ பந்தல் தகரம் ஒருவர் பக்கம் நீண்டுவிட்டதில் தகராறு. முகம் பார்ப்பதுகூட இல்லை. இது ஊருக்கே தெரியும்.

ஒருவர் வந்து ஜவ்வரிசி கேட்டார். கடையில் இல்லை. “ஜவ்வரிசிதானுங்களே, வருமுங்க, உட்காருங்க” என்றார் வெள்ளியங்கிரி, எதிர்க்கடை வரைக்கும் கேட்கும்படி. எதிர்க்கடைப் பக்கம் பார்க்காமலேயே கையை உயர்த்தி இரண்டு விரலைக் காட்டினார். கடையில் வேலை பார்க்கிற மரகதம் தெருவைத் தாண்டினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் கமருதீன் ஜவ்வரிசிப் பொட்டலம் இரண்டை மேசையில் எடுத்து வைத்திருந்தார். ஒரு பேச்சு இல்லை, ஒரு பார்வை இல்லை. பொட்டலம் மட்டும் தெருவைத் தாண்டி வந்தது. சற்றுப் பொறுத்து அங்கிருந்து கைதட்டல் கேட்டது. இங்கிருந்து ஒரு டின் நல்லெண்ணெய் போயிற்று. அந்த இரண்டு கடைதான் என்றில்லை, கடைவீதி முழுக்கவே இப்படித்தான். வந்த வாடிக்கையை வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அவர்கள் ‘வரும்’ என்றால் மழுப்பல் இல்லை. எங்கிருந்தாவது வரவைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் டீச்சரின் பெருங்காயம் ஏன் வரவில்லை? அதையும் கண்டுபிடித்துவிட்டேன். ஆள் எதிரே நின்றால் கை தானாக உயர்கிறது. சிட்டில் வருகிற ஆர்டருக்கு எதிரே ஆள் இல்லை. பச்சையை அழுத்திவிட்டு, ‘சரி, கூட்டம் குறையட்டும், எதிரே கேட்டுக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுகிறார். கூட்டம் குறைவதற்குள் கடையைச் சாத்தும் நேரம் வந்துவிடுகிறது.

எங்கள் பெட்டி ஒவ்வொரு கடையையும் தனித்தனி மரமாக நினைத்துக்கொண்டிருக்கிறது. இங்கே எல்லாவற்றுக்கும் வேர் ஒன்று. மூக்கை உள்ளே நுழைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. மதியச் சாப்பாடு மரகதத்தின் தூக்குவாளியிலிருந்து. கொள்ளுப் பருப்பு. அமிர்தம்.

டிசம்பர் 11, வியாழன்

சென்னையில் எங்கள் இன்ஜினியர் பெனிட்டா. தூத்துக்குடிப் பெண், கெட்டிக்காரி. அவளிடம் சிவப்புப் பொத்தானை எடுத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதிலாக ‘வரும்’ என்று ஒரு பொத்தான் வேண்டும். அதை அழுத்தினால் ஆர்டர் அந்த வீதியிலிருக்கிற மற்றக் கடைகளுக்குப் போக வேண்டும். யாரிடம் இருக்கிறதோ அவர் எடுத்து வைப்பார். வாடிக்கையாளரிடமும் ‘வந்துகொண்டிருக்கிறது’ என்று பூசி மெழுகாமல், ‘பக்கத்துக் கடையில் கேட்டிருக்கிறார்கள்’ என்று உள்ளதைச் சிட்டு சொல்ல வேண்டும்.

“போட்டிக் கடைகளை ஒண்ணாக் கட்டச் சொல்றீங்க மேடம். எந்த ஆப்லயும் இப்படிக் கிடையாது” என்றாள்.

“அந்த ஆப்பெல்லாம் உடுமலைல கடை வச்சதில்லம்மா” என்றேன்.

சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டால் செய்துவிடுவாள்.

டிசம்பர் 14, ஞாயிறு

கடைக்காரர்களை என் வீட்டு ஹாலுக்கு வரவழைத்தேன். எல்லாருக்கும் நீர்மோர். அதற்குத் தயிர் எங்கே என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சிக்கல் ஒன்றுதான். வாடிக்கை யாருடையது? கேட்ட கடைக்கா, கொடுத்த கடைக்கா? வெள்ளியங்கிரி என்னைப் பார்த்து, அவங்க கடைக்குப் போற வாடிக்கை அங்கேயே தங்கிருமுங்களே என்றார். கமருதீனும் என்னைப் பார்த்து, என் சரக்குக்கு அவங்களுக்கு மார்க்கா என்றார். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்துகொண்டு என் மூலமாகவே சண்டை போட்டார்கள். கழுத்து வலித்துவிட்டது எனக்கு.

கடைசியில் டீச்சர்தான் முடித்து வைத்தார். அவர் மோர் குடிக்க வந்தவர். “எனக்குப் பொருள் வேணுங்க. யாரு பேரைச் சொல்லிக் கேட்டனோ அவரு வாடிக்கைதான் நானு. எடுத்துக் குடுத்தவருக்கும் ஒரு மார்க் போடுங்க. கணக்குச் சரியாப் போச்சு” என்றார். கமருதீன் தலையாட்டினார். வெள்ளியங்கிரி என்னைப் பார்த்து, அவங்க ஒத்துக்கிட்டா எனக்கும் சம்மதமுங்க என்றார்.

டிசம்பர் 19, வெள்ளி

‘வரும்’ பொத்தான் வந்துவிட்டது. வெள்ளியங்கிரி இதற்கும் பொட்டு வைத்திருக்கிறார், ஆனால் இது மரியாதைக்காக. பொத்தானுக்கு மேலே வைத்திருக்கிறார், பொத்தான்மேல் இல்லை.

மார்க் ஏறுகிறது. வேடிக்கை என்னவென்றால், இப்போது வீட்டுக்காரர்களும் சிட்டை அவரவர் இஷ்டத்துக்கு வளைக்கத் தொடங்கிவிட்டார்கள். டீச்சர் அதனிடம், “அவசரமில்லீங்க, மரகதம் இந்தப் பக்கம் வர்றப்ப குடுத்தாப் போதும்” என்றிருக்கிறார். சிட்டு முழித்திருக்கிறது. பெனிட்டா அதைப் பார்த்துவிட்டு, இப்படிச் சொல்லுகிறவர்களின் சாமான்களையெல்லாம் தெருவாரியாகச் சேர்த்து ஒரே நடையில் கொடுக்க வழிசெய்தாள். மரகதத்துக்கு நடை பாதியாகக் குறைந்தது. நாங்கள் காசு கொடுத்து ஆள் வைத்து யோசித்திருந்தாலும் இது தோன்றியிருக்காது. நாங்கள் விற்றது பெட்டி, அதை உபயோகமாக்கிக்கொண்டது இவர்கள்.

அபிநந்தன் மெயில் அனுப்பியிருக்கிறார். மார்க் நன்றாக இருக்கிறதாம். இருந்தாலும் ஒரு முன்னெச்சரிக்கைக்குத் திருப்பூர்க் கிடங்கின் ஒப்பந்தத்தில், இந்த ஊருக்குப் பொறுப்பு என்கிற முறையில் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பி வைக்க வேண்டுமாம். ‘வரும்’ என்று பதில் போட்டேன். பார்த்துக்கொள்ளலாம்.

டிசம்பர் 23, செவ்வாய்

மார்கழிக் குளிர். ஓசூரில் இன்னும் அதிகமாக இருக்கும். ஸ்வெட்டர் போய்ச் சேர்ந்ததா என்று தெரியவில்லை.

காலையில் பல் விளக்கும்போது சிட்டு பேசியது. ‘தர்மராஜ் இந்த வீட்டுக் கணக்கிலிருந்து விலகிவிட்டார். ஓசூரில் புதிய வீட்டுக் கணக்கில் சேர்ந்திருக்கிறார்’ என்றது. புதிய வீட்டில் எத்தனை பேர் என்பதைச் சிட்டு வெளியில் சொல்லாது. அப்படித்தான் கட்டியிருக்கிறோம், அதுதான் சரி.

ஏதோ கோளாறு. பெனிட்டாவிடம் புகார் பதிந்தேன். பால் இரண்டு பாக்கெட்டும் வந்திருந்தது.

டிசம்பர் 24, புதன்

பெனிட்டா கூப்பிட்டாள். எப்போதும் மேடம் என்பவள் இன்று அக்கா என்றாள். கோளாறு ஒன்றும் இல்லையாம். இந்தக் காலத்து இன்ஜினியர்கள் தங்கள் பக்கம் கோளாறு என்று என்றைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

விடுமுறை. பரணில் கிடந்த சாமான்களைத் துடைத்தேன். அவருடைய பழைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். வெயில் இல்லை, காயவில்லை.

ஜனவரி 5, திங்கள்

அபிநந்தன் நேரில் வந்தார். முப்பது வயதுப் பிள்ளை, தங்கமான பையன்தான், காரைவிட்டு இறங்கும்போதே லேப்டாப்பையும் திறந்துவிடுவார், அது ஒன்றுதான் குறை. கடைவீதியைச் சுற்றிக் காட்டினேன். வெள்ளியங்கிரி கை உயர்த்துவதையும், பொட்டலம் தெருவைத் தாண்டி வருவதையும் கண் இமைக்காமல் பார்த்தார். போட்டோ எடுத்தார்.

பிறகு டீக்கடையில் உட்கார்ந்து, எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் பண்டிகை நாளில் கூட்டம் வந்தால் இவர்கள் தாங்க மாட்டார்கள், கிடங்கு என்றால் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கும் என்றார். இந்தப் பக்கத்திலேயே நான்கு ஊர்களில் அப்படித்தான் செய்திருக்கிறார்களாம். ஒப்பந்தம் பொங்கலுக்குள் என் கையெழுத்தோடு வந்தாக வேண்டும், அது வந்ததும் கடைகளை மெல்ல மெல்லக் கழற்றிவிடலாம் என்றார்.

எனக்குச் சுரீர் என்றது. முகத்தில் காட்டவில்லை. “வரும் சார்” என்றேன். டீக்கு நானே காசு கொடுத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

கடைவீதியில் சேதி கசிந்துவிட்டது. திருப்பூரிலிருந்து லாரி வரப்போகிறதாமே என்று பேசிக்கொள்கிறார்கள். வெள்ளியங்கிரி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது பேசவில்லை. எழுந்து வெளியே வந்து, எனக்கு நேராக ஒரு மூட்டையில் உட்கார்ந்தார்.

“அம்மணி, பொங்கலுக்கப்புறம் எங்களுக்கு இதுல இடமிருக்குதுங்களா?” என்றார்.

“இருக்கும்ணே. நல்லதாவே வரும்” என்றேன்.

அவர் குரலில் கோபம் எதுவும் இல்லை. “நான் ‘வரும்’னு சொன்னா, யாரு கடையில கேக்கோணும்னு மனசுல வெச்சுட்டுத்தானுங்க சொல்லுவேன். நீங்க யாருகிட்ட கேட்டு வெச்சிருக்கறீங்க?” என்றார்.

 வேலை இருக்கிறது என்று எழுந்து வந்துவிட்டேன். வேலையெல்லாம் ஒன்றும் இல்லை.

இதை இங்கேயாவது எழுதிவிட வேண்டும். நான் சொன்ன ‘வரும்’ ஒன்றுக்குப் பின்னாலும் ஆள் இல்லை. ஒப்பந்தத்துக்குச் சொன்னதும் அப்படித்தான். கடைவீதிக்குச் சொன்னதும் அப்படித்தான். மற்றதும்.

ஜனவரி 12, திங்கள்

தயிர் புளித்துவிட்டது. கீழே கொடுக்கவில்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன்.

ஜனவரி 14, புதன்

இன்று காப்புக்கட்டு. எங்கள் பக்கத்தில் போகி என்றால் பழசைக் கொளுத்துவதோடு சரி. இங்கே வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலில், கூரையில், தொழுவத்தில், வண்டியில் என்று எல்லா இடத்திலும் செருகுகிறார்கள். எனக்குத் தெரியாது. சிட்டுக்கும் தெரியாது.

விடிந்ததிலிருந்து வீடுகளெல்லாம் சிட்டிடம் காப்புக்கட்டு கேட்க ஆரம்பித்துவிட்டன. சிட்டு ஒவ்வொரு வீட்டிலும் ‘அந்தப் பொருள் பட்டியலில் இல்லை’ என்றது. எனக்கு உயிரே போய்விட்டது. ஓடினேன் கடைவீதிக்கு.

வெள்ளியங்கிரி அசரவில்லை. பெனிட்டாவைப் போனில் பிடித்து, கடையிலிருந்தே பட்டியலில் சேர்க்கச் சொன்னேன். படத்துக்கு மரகதம் ஒரு கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேப்பிலை தளி ரோட்டு மரங்களிலிருந்து வந்தது. ஆவாரம்பூவும் பூளைப்பூவும் அமராவதிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பால்காரர்கள் காலையிலேயே கொண்டுவந்திருந்தார்கள். கமருதீன் கடை வாசலில் உட்கார்ந்து, கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டே இருந்தார். அவருக்கு இந்தப் பண்டிகை கிடையாது, வாடிக்கைக்கு உண்டே. ‘வரும்’ பொத்தான் ஓயவே இல்லை. ஒரு கடையில் தீர்ந்தால் அடுத்த கடை, அங்கேயும் தீர்ந்தால் மூன்றாவது கடை. மாலையில் விளக்கு வைப்பதற்குள் கேட்ட வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நடுவில் ஒரு நிமிஷம். வெள்ளியங்கிரிக்கு நூல்கண்டு தீர்ந்துவிட்டது. பழக்கத்தில் கையை உயர்த்தியவர், என்ன நினைத்தாரோ, எதிர்க்கடையைப் பார்த்தே, “பாய், நூல்” என்றார். கமருதீன் கண்டைத் தூக்கிப் போட்டார். இரண்டு பேரும் வேலையைப் பார்த்தார்கள். மரகதம் மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

மற்ற நான்கு ஊர்களில் என்ன ஆயிற்று என்று பெனிட்டாவிடம் கேட்டேன். கிடங்கில் காப்புக்கட்டு என்று ஒரு சரக்கே கிடையாது. காலையில் சொன்ன ‘இல்லை’யையே சிட்டு மாலைவரை சொல்லிக்கொண்டிருந்ததாம். பாதி வீடுகளில் பெட்டியின் வாயை அடைத்துவிட்டார்களாம்.

விளக்கு வைத்ததும் அபிநந்தனைக் கூப்பிட்டேன். அவர் முதலில் கேட்டது ஒப்பந்தத்தைத்தான்.

“இல்லை சார். அது வராது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்” என்றேன். “இத்தனை நாள் வரும் வரும்னு சொன்னது என் தப்பு. இன்னிக்கு நாலு ஊர்லயும் என்ன நடந்துச்சுன்னு பாருங்க, இந்த ஊர்ல என்ன நடந்துச்சுன்னும் பாருங்க. அப்புறமும் கிடங்குதான்னா, என்னையும் சேர்த்துக் கழற்றி விட்டுருங்க. இவங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன்.”

 பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.  மனசு லேசாகிவிட்டது எனக்கு. டீச்சர் எனக்கும் ஒரு கட்டு வைத்திருந்தார். வாசலில் செருகினேன்.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். டீச்சர் வீட்டில் சாப்பாடு. ஓசூரிலிருந்து ஆள் வரவில்லையா என்று டீச்சர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஓசூருக்குப் போன் செய்தேன். எப்போது வருவீர்கள் என்று கேட்கவில்லை. “சட்டைங்க, செருப்பு, ஷேவிங் செட் எல்லாம் ஒரே பெட்டியில கட்டிட்டேன். எந்த அட்ரஸுக்கு அனுப்பணும்னு மட்டும் சொல்லுங்க” என்றேன். ஏதோ சொல்ல வந்தார்.  கடைசியில் அட்ரஸைத்தான் சொன்னார். எழுதிக்கொண்டேன். அழுதேன். பிறகு பெட்டிமேல் அட்ரஸைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்.

ஜனவரி 19, திங்கள்

அபிநந்தனிடமிருந்து பதில். கடைவீதி தொடரும். அதுமட்டுமில்லை, மற்ற நான்கு ஊர்களிலும் கிடங்கைவிட்டுக் கடைகளைச் சேர்க்கப் போகிறார்களாம். ‘வரும்’ பொத்தான் அங்கேயும் போகிறது. அதைக் கற்றுக்கொடுக்க நான் போக வேண்டும். போவேன். பெனிட்டா போனில் கத்தியதில் காது அடைத்துவிட்டது.

வெள்ளியங்கிரியிடம் நேரில் போய்ச் சொன்னேன். “கேட்டுட்டேண்ணே. ஆள் இருக்கு. கடைவீதி நிக்குது” என்றேன். தலையை ஆட்டிவிட்டு, என் கையில் இரண்டு அச்சுவெல்லத்தை வைத்தார். எதிர்ப்பக்கம் திரும்பி, “பாய், கேட்டீங்களா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சிட்டு வழக்கம்போல, நாளைக்கும் இரண்டு பாக்கெட் பால்தானே என்றது.

“இல்லை. ஒண்ணு போதும்” என்றேன்.

வீட்டில் எத்தனை பேர் என்பதை மாற்றட்டுமா என்று கேட்டது. மாற்று என்றேன்.

ஜனவரி 20, செவ்வாய்

காலையில் டீச்சர் கீழே நின்று, “இன்னிக்குத் தயிர் இல்லீங்களா அம்மணி?” என்றார்.

“இல்லைங்க டீச்சர். இனிமே ஒரு பாக்கெட்தான்” என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். “சரிங்க. இனி நான் உறை ஊத்துறேன். நீங்க வந்து வாங்கிக்கோங்க” என்றார்.

ஒரு பாக்கெட்டில் இரண்டு டம்ளர் காபி வருகிறது. இரண்டையும் நானே குடித்தேன்.